ஒரு கிலோ எடை, ஒன்றரை இலட்சம் விலை



சென்ற ஆகஸ்டுத் திங்களில் ஒரு மாலை, ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் நான் அமர்ந்திருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த மீனவர் ஒருவர் தம் மகளுடன் வந்தார். பெண்ணுக்குப் பொறியியற் கல்லூரியில், கட்டடப் பொறியியல் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. அக்குடும்பத்தில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள் அவள். மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள வந்தார்கள் என்றே எண்ணினேன். ஆனால் தந்தையார் தயங்கித் தயங்கி வேறொன்றைச் சொன்னார்.

"சாமி, நீங்க வச்சிருக்கீங்களே கறுப்புப் பொட்டி, அதே மாதிரி ஒண்ணு இவளுக்கு வாங்கணும். அவ அம்மா தோடும் சங்கிலியும் இருக்கு. பேங்குல வச்சிடலாம்னு சொல்றா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வாங்கிடுவோம்."

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. காரணம், அந்தப் பெட்டியை அவர் விரும்பும்படி செய்தவன் நானே. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குப் படம் காட்டும்போதெல்லாம் அதை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன். அதன் விலையை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல எனக்கே கூச்சம்.

அது என் குருத்துவ வெள்ளிவிழாவுக்கு என் தம்பி மகன் அளித்த பரிசு. பெரிய நிறுவனங்களின் அதிகாரிகளுக்கென்று செய்யப்படும் உயர்வகை மடிக்கணினி. இந்த வகை புதிதாக வாங்கினால் ஒன்றரை இலட்சம் ரூபாயை எளிதில் தாண்டும். என்னிடம் உள்ளது எந்த நிறுவனத்தின் படைப்பு என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பின்னால் ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வகைக் கணினியின் வரலாறு சுவையானது. 1981-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்பார்ன் என்னும் 'எடுத்துச் செல்லத்தக்க' கணினி ஏறத்தாழ 11 கிலோ எடை. நெல் மூட்டை தூக்கிப் பழகியவர்கள் வேண்டுமானால் எடுத்துச் சென்றிருக்கலாம். 1992-இல் ஐ.பி.எம். நிறுவனம் 'திங்க்பேட் 700சி' என்பதை வெளியிட்டது. எடை ஏறத்தாழ 3 கிலோ. விலை 4,350 டாலர். ரிச்சர்டு சாப்பர் என்னும் ஜெர்மானிய வடிவமைப்பாளர், ஜப்பானியரின் கறுப்பு மெருகிட்ட சோற்றுப் பெட்டியை மனத்தில் கொண்டு, வெளியே எளிமையும் திறந்தால் வியப்புமாக அதை அமைத்தார். 2005-இல் அத்தொழில் சீனாவின் லெனோவோ நிறுவனத்தின் கைக்கு மாறியது. நமக்கு வடக்கே புதுச்சேரியிலேயே அந்நிறுவனத்துக்குக் கணினித் தொழிற்சாலை உண்டு என்பது நம்மவர் பலர் அறியாதது. 2012-இல் கரிம இழையால் வலுவூட்டிய உடலுடன் 1.36 கிலோ எடையில் 'எக்ஸ்1 கார்பன்' வந்தது. பின்னர் அது 1.1 கிலோ அளவுக்கு இறங்கியது. பிற நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. என்னிடம் உள்ளதும் அந்த எடைதான்.

முதலில் நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன். கிளைக் கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும் எனக்குத் தோள்பையில் அது இருப்பதே தெரியாது. திரை கண்ணாடிபோல் பளபளக்காது. நம் கடற்கரை வெளிச்சத்தில், கோட்டைப் பக்கத்துத் திண்ணையில் அமர்ந்துகூட எழுத்தைப் படிக்கலாம். பளபளக்கும் திரையில் நம் முகம்தான் தெரியும். அது கைப்பேசிச் சார்ஜர் போன்ற சி-வகை முனையில் மின்னேற்றம் பெறுவதால், வேறொருவரின் சார்ஜரைக் கொண்டும் அவசரத்துக்குச் சமாளிக்கலாம். மின்சாரம் நின்ற மழைக்கால மாலைகளில் திருமுழுக்குப் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் மேலானது விசைப்பலகை. நாள் முழுதும் எழுதுவோருக்காகவே இந்த வகைக் கணினிகள் பிறந்தன. குருமடத்தில் தட்டச்சுப்பொறியில் விரல் வலிக்கத் தமிழ் பழகியவன் நான். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டின் வழியே வந்த தமிழ்99 முறைக்கு மாறியபின், இதில் மறையுரை எழுதுவது ஓர் இன்பமாகவே ஆகிவிட்டது. விசைகளின் அருமையைச் செய்பவர்களே ஒருமுறை மறந்தார்கள். 2014-இல் எக்ஸ்1 கார்பனில் மேல்வரிசை விசைகளை எடுத்துவிட்டு, தொட்டால் மாறும் ஒளிப்பட்டை ஒன்றைப் பதித்தனர். பயன்படுத்துவோர் முகம் சுளித்தனர். மறு ஆண்டே பழைய விசைகள் திரும்பி வந்தன.

இனிக் குறைகள். மெலிந்த உடலுக்குள் இடமில்லை. ஆதலின் நினைவகத்தை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும் அன்று 8 என்றால் ஆயுள் முழுதும் 8 தான். பிறகு வருந்திப் பயனில்லை. மெலிந்த உடலில் வெப்பம் வெளியேறவும் வழி குறைவு. கடும் வேலை கொடுத்தால், தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில், மின்விசிறியும் நின்ற அறையில், அது பெருமூச்சு விடும் ஓசையைக் கேட்டிருக்கிறேன். படங்களுக்கெனத் தனியாக ஒரு செயலி பெரும்பாலும் இதில் இராது.

நமக்கென்றே உரிய ஒரு குறையும் உண்டு. அது உப்புக்காற்று. இரண்டாம் ஐப்பசி மழை முடிந்தபோது, என் கணினியின் பக்கத்துத் துளையொன்றில் பச்சை பூத்து மின்னேற்றம் நின்றுபோயிற்று. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு சென்றேன். மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று, கணினி விலையில் பாதியைக் கேட்டார்கள். மயிலாடுதுறையில் சிறு கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் அதைப் பிரித்து, ஆல்ககால் தொட்ட தூரிகையால் துடைத்துச் சரிசெய்தார். 'இராணுவத் தரச் சோதனையில் தேறியது' என்று விளம்பரங்களில் பார்க்கிறோம். அமெரிக்க இராணுவத்தின் அந்த 810 என்னும் தரநூலில் அதிர்ச்சி, தூசு, வெப்பம், உப்புப்பனி எனப் பல சோதனைகள் தனித்தனியே உள்ளன. எவற்றைச் செய்வது என்பதைத் தயாரிப்பவரே தேர்ந்துகொள்ளலாம். உப்புப்பனிச் சோதனை செய்தார்களா என்று கேட்டுப் பார்ப்பது கடற்கரை மக்களாகிய நம் கடமை.

மறுநாள் காலை கடற்கரைச் சாலையில் நடக்கையில் நம் ஊரின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. 1706-இல் இங்கு வந்த சீகன்பால்குக்கு, 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. (தமிழ் எழுத்தில் அச்சான முதற்பணி அதற்கும் மிக முன்னர், 1578-இல் கொல்லத்தில் நம் அன்றீக்கு அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' காலத்திலேயே தொடங்கிவிட்டது என்பதை லுத்தரன் சகோதரர்கள் மன்னிப்பார்களாக!) ஹாலே எழுத்துகள் மிகப் பெரியவை. காகிதத்தைத் தின்றன. காகிதமோ கிடைப்பதற்கரியது. ஆதலின் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதம் செய்யவும் முயன்றார்கள். எழுத்தைச் சிறிதாக்கியது அழகுக்காக அன்று. அவர்களிடம் காகிதம் இல்லை என்பதே காரணம்.

ஊர் ஊராய்ச் சுற்றும் எனக்கு ஒரு கிலோவுக்குக் காரணம் உண்டு. இந்தப் பெண்ணுக்கு என்ன காரணம்? விடுதியில் அவளுக்கு மேசை இருக்கிறது. வீட்டுக்கு வருவது மாதம் ஒருமுறை. அந்த எடைக் குறைப்புக்காகத் தாயின் காது வெறுமையாக வேண்டுமா?

என்றாலும், "வேண்டாம்" என்று நானே சொல்லிவிட மனம் இசையவில்லை. சாமியிடம் இருக்கலாம், மீனவன் மகளிடம் இருக்கக் கூடாதா என்று ஒரு சொல் அந்த வீட்டில் எழுந்தால், அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆகவே என் கணினியையே அவளிடம் கொடுத்து, "பத்து நாள் வைத்துக்கொள். கல்லூரியில் எந்த மென்பொருளைக் கேட்பார்கள் என்று விசாரித்து, அதை இதில் ஓட்டிப் பார்" என்றேன்.

மாணவர்க்கு இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோகேட் மென்பொருளை அவள் அதில் ஏற்றினாள். மேலாண்டு மாணவி ஒருத்தியின் தடித்த, தனிப் படச்செயலி கொண்ட கணினியிலும் அதே படத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். பத்தாம் நாள் பெட்டியைத் துணியில் பொதிந்து கொண்டுவந்து தந்தாள்.

"கோடு போடற வரைக்கும் நல்லாத்தான் ஓடுது சாமி. கட்டடத்த முழுசா நிறுத்தித் திருப்பிப் பார்த்தா திணறுது, சூடாகுது. இது எழுதறவங்க பொட்டி. எனக்கு அது போதும், அந்த கனமான பொட்டி."

நான் யோசித்து யோசித்து அடைந்ததை அவள் பத்து நாளில் அடைந்துவிட்டாள். அவள் சொன்னது என்னுடையதைவிடத் தெளிவாகவும் இருந்தது.

நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த உயர்வகைக் கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைப்பதையும் தந்தையாரிடம் சொல்லிப் பார்த்தேன். "மொதமொத படிக்கப் போறா சாமி, பழசு வேணாம்" என்றார். அதில் நான் வாதாடவில்லை. இறுதியில் அவர்கள் வாங்கியது இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்று. விலை என் பெட்டியின் விலையில் பாதிக்கும் குறைவு. நினைவகத்தைப் பின்னர் கூட்டிக்கொள்ள உள்ளே ஓர் இடம் காலியாக இருக்கிறதா என்று கடைக்காரரிடம் அவளே கேட்டு உறுதிசெய்துகொண்டாளாம். சங்கிலி வங்கிக்குப் போயிற்று. தோடு தாயின் காதிலேயே இருக்கிறது.

தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கணினியை என் அறைக்கு எடுத்து வந்தாள். கடல்நீர் ஊருக்குள் புகுந்த 2004-க்குப் பின் கட்டித் தரப்பட்ட அவர்கள் வீட்டின் படத்தை வரைந்திருந்தாள். அடுப்படிச் சன்னல் கிழக்கே இரண்டடி தள்ளி இருந்திருந்தால் புகை உள்ளே தங்காது என்று அவள் திரையைத் தொட்டுக் காட்ட, தந்தையார் குனிந்து பார்த்து, "இப்ப மாத்த முடியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.