தோற்றவருக்கும் ஒரு காரணம்

நுரைச்சோலை என்றதும் இலங்கையில் பலருக்குப் புத்தளத்து அனல்மின் நிலையம்தான் ஞாபகத்துக்கு வரும். அம்பாறைக் கரையோரத்தாருக்கு வேறொரு நுரைச்சோலை இருக்கிறது. அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபியாவின் நன்கொடையில் எழுந்த 500 வீடுகள். பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை என ஓர் ஊருக்கு வேண்டிய அத்தனையும் கட்டினார்கள். ஆட்கள் மட்டும் குடிவரவில்லை.

2004 டிசம்பர் 26 இல் இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடலோர ஊர்கள் வரிசையாக அடிபட்டன. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்த பேரியல் அஷ்ரப்பின் முயற்சியில் நுரைச்சோலைத் திட்டம் உருவானது. வீடுகளை முஸ்லிம்களுக்கு மட்டும் கொடுப்பது சமத்துவ உரிமைக்கு மாறானது என்று 2008 இல் பௌத்த பிக்குகள் முன்னின்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சரத் என். சில்வா பிரதம நீதியரசராக இருந்த காலம் அது. இன விகிதாசாரப்படி பங்கிடும்படி நீதிமன்றம் பணித்தது.

அரசாங்கக் காணியில் கட்டிய வீட்டை ஓர் இனத்துக்கு மட்டும் ஒதுக்கலாமா என்பது கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் அலை விகிதாசாரம் பார்த்து அடிக்கவில்லையே! வீடிழந்தவர் எந்த ஊரார், எந்த இனத்தார் என்ற கணக்கு ஒன்று. விகிதாசாரக் கணக்கு இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாததால் சிங்களவருக்கும் கிடைக்கவில்லை, தமிழருக்கும் கிடைக்கவில்லை, முஸ்லிம்களுக்கும் கிடைக்கவில்லை. கதவும் கூரையும் உக்கிப்போக, சுற்றிலும் காடு மண்டியது. நீதிமன்றத்தின் மீதான நம்பிக்கை பற்றிக் கல்முனைக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால், அது சுற்றிச் சுற்றி இந்த 500 வீடுகளில் வந்துதான் நிற்கும், அவர் இருப்பது கல்முனைக்குடியானாலும் சரி, கட்டாரானாலும் சரி, லண்டன் ஈஸ்ட்ஹாமானாலும் சரி.

ஆனாலும் இந்த ஞாபகத்தில் ஓர் ஓரவஞ்சனை உண்டு. அதே பிரதம நீதியரசரின் காலத்தில், 2006 ஒக்டோபர் 16 இல், வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணைந்த மாகாணத்தில் இன்னும் சிறிய சிறுபான்மையாகிவிடுவோம் என்று அஞ்சியிருந்த கரையோர முஸ்லிம்களில் பலர் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். தமிழர்கள் கொதித்தார்கள். நுரைச்சோலைத் தீர்ப்பு வந்தபோது நிலைமை அப்படியே மாறியது. நமக்கு வாய்த்தால் நீதி, வாய்க்காவிட்டால் சதி என்று அளக்கிற பழக்கம் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. கல்முனை மட்டும் அதற்கு விதிவிலக்கா என்ன?

நீதியரசர்களும் மனிதர்கள்தான். சுனாமி நிதி தொடர்பான ‘ஹெல்பிங் ஹம்பாந்தோட்டை’ விவகாரத்தில் மகிந்த ராஜபக்ஷவுக்கு எதிரான பொலிஸ் விசாரணை 2006 இல் நீதிமன்றத்தின் மூலம் முடிவுக்கு வந்தது. அந்தத் தீர்ப்புக்காகச் சரத் என். சில்வா 2014 இல் நாட்டு மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பதவியை விட்டு ஐந்து வருடம் கழித்து வரும் மன்னிப்பால் அரசியல்வாதிக்குப் பேச்சுப்பொருள் கிடைக்கலாம். வழக்காடியவருக்கு என்ன கிடைக்கும்?

நம்பிக்கை ஊட்டிய நாட்களும் இருந்தன. 2018 நவம்பர் 9 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். இரா. சம்பந்தனும் ஐக்கிய தேசியக் கட்சியும் ஜே.வி.பி.யும் நீதிமன்றம் போனார்கள். கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி எம்.எச்.எம். அஷ்ரப் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸும் போனது. டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக, கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒரே தீர்ப்புக்காக ஒரே நாளில் மகிழ்ந்தது அண்மைக்கால இலங்கையில் அபூர்வமான காட்சி. அந்தத் தீர்ப்பு விலாவாரியான காரணங்களோடு எழுத்தில் இருக்கிறது. பிடிக்காதவர் கூட வாசித்து வாதாடலாம்.

இரண்டு வருடம் கழித்து வந்ததோ வேறு அனுபவம். கொவிட்டில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வெளியானது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் அரசாங்கம் அசையவில்லை. முஸ்லிம்களோடு கத்தோலிக்கரும் சேர்ந்து அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். டிசம்பர் 1 ஆம் திகதி மூவர் கொண்ட அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், விசாரணைக்கு எடுக்காமலே மனுக்களைத் தள்ளியது. ஏன் என்று காரணம் சொல்லப்படவில்லை. அதே மாதத்தில் 20 நாள் குழந்தையொன்றும் தகனமானது. கொழும்பு பொரளைக் கனத்தை மயானத்தின் வாசல் கம்பிகளில் மக்கள் கபன் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக் கட்டினார்கள். கடைசியில் அடக்கத்துக்கு வழிவிட்டது நீதிமன்றமல்ல. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன கையோடு 2021 பெப்ரவரி 25 இல் வர்த்தமானி திருத்தப்பட்டது. ஜனாஸாக்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்குப் போயின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

மனு தள்ளுபடியானதை விடக் காரணம் தெரியாமல் தள்ளுபடியானதுதான் இந்தக் கரையோரத்தை அதிகம் காயப்படுத்தியது. ஜெயித்தவருக்குத் தீர்ப்பு போதும். தோற்றவருக்கு விளக்கம் வேண்டும். அது கிடைக்காதபோது அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்கிறது.

இங்கே ஊர்க்காரர் விரும்பிக் கேட்காத ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். மனுக்கள் தள்ளுபடியாவதற்கு ஆறு வாரம் முன்னர், ஒக்டோபர் 22 இல், 20 ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. மேல்மட்ட நீதியரசர்களை நியமிக்கும் அதிகாரத்தை ஏறக்குறைய முழுமையாக ஜனாதிபதியின் கையில் கொடுத்த திருத்தம் அது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களிக்க, கல்முனையின் எச்.எம்.எம். ஹரீஸ் உட்பட அவரது கட்சி உறுப்பினர்கள் சிலர் ஆதரித்துக் கை உயர்த்தினார்கள். இதையும் டிசம்பர் தீர்மானத்தையும் முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் நீதித்துறையின் சுதந்திரத்துக்கு வேலி போட வேண்டிய நாளில் நம் பிரதிநிதிகள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது ஹன்சார்டில் பதிவாகியிருக்கிறது.

காழி நீதிமன்றத்தையும் விட்டுவிட முடியாது. விவாகரத்தோ தாபரிப்போ கேட்கும் முஸ்லிம் பெண்ணுக்கு முதலில் தட்டக் கிடைப்பது அந்தக் கதவுதான். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காழியாக ஆண்கள்தான் இருக்க முடியும். சட்டத்தரணி அங்கே வழக்காட முடியாது. அந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய முன்னாள் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் அமைந்த குழு 2018 இல்தான் அறிக்கை கொடுத்தது. கொழும்பிடம் காரணம் கேட்கிறவர்கள் ஊர்க் காழியிடமும் கேட்டால்தான் அந்தக் கேள்விக்குப் பெறுமதி.

புலம்பெயர்ந்தவர்கள் பிரித்தானியாவை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அங்கேயும் எல்லாம் சுத்தம் என்றில்லை. 2016 இல் பிரெக்சிற் வழக்கில் தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளின் படத்தைப் போட்டு, மக்களின் எதிரிகள் என்று ஒரு நாளிதழ் தலைப்பிட்டது. ஆனால் 2019 செப்டம்பர் 24 அன்று நாடாளுமன்ற ஒத்திவைப்பு செல்லாது என்று பிரித்தானிய உயர் நீதிமன்றத்தின் 11 நீதியரசர்களும் ஒருமித்துச் சொன்னபோது, தலைவர் பிரெண்டா ஹேல் சுருக்கத்தைத் தொலைக்காட்சி நேரலையில் வாசித்தார். முக்கிய தீர்ப்பு ஒவ்வொன்றுக்கும் சட்டம் படிக்காதவர் விளங்கும்படி சில பக்கச் சுருக்கம் வெளியிடுவது அந்த நீதிமன்றத்தின் வழமை. நாட்டில் பலர் அந்தத் தீர்ப்பை வெறுத்தார்கள். ஏன் அப்படித் தீர்த்தார்கள் என்று தெரிந்துகொண்டு வெறுத்தார்கள்.

நம் நாட்டில் காரணம் எழுதப்பட்டாலும் மொழி தடையாகிவிடுகிறது. இலங்கை அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள் என்கிறது. கல்முனை நீதவான் நீதிமன்றத்தில் தமிழில் பதில் சொல்லிப் பழகியவர், உயர் நீதிமன்றத்தில் தன் ஊர்ப் பிரச்சினைக்கு வந்த தீர்ப்பை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு யாரையாவது தேட வேண்டியிருக்கிறது.

2025 மே 6 இல் நாடெங்கும் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. வழக்கு நிலுவையில் கிடந்ததால் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. அந்த வழக்கில் தீர்ப்பு வரும் நாளில் ஊரில் யார் பட்டாசு கொளுத்துவார்கள் என்பது இருக்கட்டும். கல்முனைச் சட்டத்தரணிகளே, அன்று மாலைக்குள் அந்தத் தீர்ப்பின் காரணங்களைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, பள்ளிவாசல் பலகையிலும் கோயில் பலகையிலும் ஒட்டிவிடுங்கள்.