எரித்தே தீரவேண்டியவை

யப்பானின் சிக்கொக்குத் தீவிலே, மலைகளுக்கிடையே அமைந்த கமிக்கட்சு என்னுஞ் சிற்றூருக்குத் தொண்டராகச் சென்ற நாம், முதலிற் கற்றது அவ்வூர் மொழியையன்று. குப்பை பிரிக்கும் முறையையே. அதிலும் அகராதியைவிட அயல்வீட்டு மூதாட்டியின் சுட்டுவிரலே நமக்கு உதவிற்று.

1,500இற்கும் குறைவானோர் வாழும் ஊர். பாதிக்கு மேற்பட்டோர் முதியோர். வீதிகளிலே குப்பை வண்டி ஓடுவதில்லை. போத்தல்களையும் தகரங்களையும் கழுவி உலர்த்தித் தாமே நிலையத்துக்குக் கொணர்ந்து, 40இற்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கின்றனர். அப்பொருள் எங்கே செல்கிறது, அதனால் ஊருக்கு வரவா செலவா என்பது பெட்டிதோறும் எழுதப்பட்டுள்ளது. கணக்கை மக்களிடம் ஒளிக்காத இவ்வழக்கம் நம்மை மிகக் கவர்ந்தது. (நம் நகரசபைகளும் இதனைக் கற்கலாம்.)

எரிப்பதற்கும் புதைப்பதற்கும் 2020இற்குள் எதுவும் எஞ்சாதென 2003இல் இவ்வூரார் பிரகடனஞ் செய்தனர். நூற்றுக்கு எண்பது பங்களவே கைகூடிற்று. எஞ்சியது எவர் குற்றம்? தோலும் இறப்பரும் பிரியாதவாறு ஒட்டிய சப்பாத்தை, ஒருமுறை அணிந்து எறியும் அணையாடையை, மூதாட்டி பகல் முழுதும் கழுவினும் என்ன பயன்? அவற்றை அவ்வாறு ஆக்கியது தொழிற்சாலையின் இலாபக் கணக்கு. பொதுமக்களுக்குப் பொறுப்பில்லையென உபதேசிப்போர் அத்தொழிற்சாலை வாயிலுக்குச் செல்வதில்லை.

அத்தகைய பொருள்களுக்கென ஒரு பெட்டி உண்டு. 'எவ்வாறாயினும் எரித்தே தீரவேண்டியவை' என்பது அதன் பெயர். எரிக்குஞ் செலவு ஊரவர் தலையில்.