வேகாத கேக்

கேக் வேகாமல் போனபோது நாங்கள் முதலில் சந்தேகித்தது அம்மாவைத்தான். மேற்புறம் கருகி, நடுவில் மாவாகி, அடியில் வெளிறிக் கிடந்ததை மூன்று முறை குப்பையில் கொட்டினோம். அம்மாவுக்கு 72 வயது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெங்கும் தேடுபவர். பேக்கிங் பவுடரை மறந்திருப்பார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். நான்காம் முறை மைதா, வெண்ணெய், முட்டை என்று வரிசையாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சேர்க்கச் சேர்க்க ஒவ்வொன்றுக்கும் எதிரே கோடு கிழித்தார். எதுவும் விடுபடவில்லை. கேக்கும் வேகவில்லை.

பிறகே மின்னடுப்பைப் பார்க்கத் தோன்றியது. எங்கள் தெருவில் எல்லாப் பழியும் மின்வாரியத்துக்குத்தான். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு: 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால், வெப்பம் ஏறத்தாழ 60 விழுக்காடாகச் சுருங்கிவிடும். ஆனால் அன்று அளந்தபோது 225 இருந்தது. உள்ளே வைத்த வெப்பமானியோ, திருகு 180 டிகிரியில் நிற்க, அரை மணி கழிந்தும் 120ஐத் தாண்டவில்லை.

அன்றிரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, வெறும் அடுப்பை ஓடவிட்டுக் கண்ணாடிக் கதவின் முன் குந்தியிருந்தோம். மேல்கம்பிகள் மெல்லச் சிவந்தன. கீழே இருட்டு. இத்தனை நாள் கேக் தட்டு அதை மறைத்திருந்தது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன், பிளக்கைப் பிடுங்கிய பிறகே பின்தகட்டைக் கழற்றினார். கீழ்க்கம்பி 800 வாட். மல்டிமீட்டரில் 66 ஓமை ஒட்டிக் காட்டியது. ஆக, கம்பி நன்றாகவே இருந்தது. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயரின் முனைதான் தளர்ந்து, பொறி தட்டித் தட்டிக் கரிந்துபோயிருந்தது. கரிந்த துண்டை வெட்டியெறிந்து, வெப்பம் தாங்கும் புது முனையை இறுக்கினார். பத்து நிமிட வேலை.

"அடுப்புதான் கெட்டிருந்ததும்மா" என்றோம், ஏதோ நாங்களே கண்டுபிடித்துவிட்டதைப் போல. அம்மா எங்களைப் பார்க்கவில்லை. "சரி, முட்டை வாங்கிட்டு வாங்க" என்றார்.

அன்றைய கேக் அடிவரை வெந்திருந்தது. அந்தத் தாள் மட்டும் இன்னும் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. இப்போதும் ஒவ்வொன்றாகக் கோடு கிழித்துக்கொண்டுதான் மாவைப் பிசைகிறார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.