லீவு நாளும் ஷிபுவும்

தீபாவளிக்கு எடுக்காமல் விட்ட லீவை இந்த வாரம் எடுத்தாயிற்று. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டு, 2021இல் வந்த ‘மின்னல் முரளி’ மலையாளப் படத்தை மறுபடி பார்த்தேன்.

டெய்லர் ஜெய்சனுக்கும் டீக்கடை ஷிபுவுக்கும் ஒரே ராத்திரியில் மின்னல் அடிக்கிறது. சக்தி சமம், ஊர் பார்க்கிற பார்வைதான் வேறு. ஷிபுவைப் பைத்தியம் என்று ஒதுக்கிய ஊர் அது. அவன் பேங்கில் கை வைப்பதுகூட தான் காதலிக்கும் உஷாவின் மகள் ஆபரேஷனுக்காகத்தான். உஷா அவன் காதலுக்குச் சம்மதிக்கும் இடத்தில், ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரத்தின் முகத்தைப் பாருங்கள்: சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் உதடு கோணுகிறது. நம்ம கூத்துப்பட்டறை நாடகக்குழு ஆள்!

(படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும்.)

இவ்வளவு பரிவோடு அவனைப் படமாக்கிய இயக்குநர் பேசில் ஜோசப், கடைசியில் உஷாவைச் சாகடித்துத்தான் அவனை முழு வில்லனாக்குகிறார். ஆணின் வெறிக்குக் காரணம் வேண்டுமென்றால் ஒரு பெண்ணைக் கொன்றுவிடுவது ஹாலிவுட்டிலேயே நைந்துபோன உத்தி. எனக்கு அதைவிட உறுத்துவது, உஷா சாகக் காரணமான தீயை வைத்த ஊர்க்காரர்களை யாரும் ஒரு கேள்வி கேட்காதது. அவர்களையே காப்பாற்றி ஜெய்சன் ஹீரோவாகிவிடுகிறான். கராத்தே மாஸ்டர் பிஜியாவது நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.