உண்ணிச்செடிக்கு மாற்றாக

உண்ணிச்செடியை நாம்தான் அழைத்து வந்தோம், அழகுக்காக. வெப்பமண்டல அமெரிக்காவில் பிறந்த அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. பூங்கா வேலி அதற்குப் போதவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்று அது புதராக மண்டிக் கிடக்கிறது. 2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட நேர்ந்தது.

பேச்சிப்பாறையில் எங்கள் வீட்டு மேற்கு வேலியும் அதுதான். ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும். தண்ணீர் கேட்காது. ஆடு பெரும்பாலும் கடிக்காது. தின்றால் ஈரல் கெடும். கறுத்துப் பழுத்த மணிகளைக் கொண்டைக்குருவி விழுங்கிக் காட்டோரத்தில் எச்சமிடும். அணை நீருக்கு அப்பால் காடு. குருவிக்கு அது ஒரு தூரமல்ல.

வேரோடு பிடுங்கிவிடலாம் என்றதும் மைனி கேட்டாள்: "செரி, அந்த எடத்துல என்னத்த நடுவ?"

நாற்றுப்பண்ணைகளில் எளிதில் கிடைப்பது டுராண்டா. நீலப்பூ, சரம்சரமாகப் பொன்மணிகள். ஆனால் அதுவும் உண்ணியின் குடும்பம், அதே அமெரிக்க மண். காய் நச்சு. ஆஸ்திரேலியாவில் அது களையாகிவிட்டது. ஒரு விருந்தாளியை அனுப்பிவிட்டு அவன் தம்பியை அழைப்பானேன்?

அடுத்தது கிளா. முள் உண்டு, வேலிக்கு உகந்தது. மல்லிகை போன்ற வெண்பூ. இளஞ்சிவப்பிலிருந்து கருமைக்குப் போகும் காய் ஊறுகாய்க்கு ஆகும். ஆனால் நல்ல வெயில் வேண்டும். ரப்பர் நிழலில் காய்ப்பு குறையும்.

மூன்றாவது தெற்றி. பழந்தமிழில் வெட்சி, நிரை கவரப் போனவர்கள் சூடிய பூ. முள் இல்லை, வளர்ச்சியும் மெதுவு. ஆனால் அதன் செங்கரும் பழத்தைப் பிள்ளைகளும் தின்னலாம், குருவியும் தின்னலாம். குருவி அதைக் காட்டுக்குக் கொண்டுபோனாலும் அங்கே அது புதியதல்ல.

நீர் வேண்டாமை, விரைவு, ஆடு தொடாமை என்று மதிப்பெண் போட்டால் உண்ணியே வெல்லும். அந்தத் தகுதிகளே அதைக் காட்டின் தீங்காக்கின. அவற்றில் அதை மிஞ்சும் செடி கிடைத்தால் அதற்குத்தான் அஞ்ச வேண்டும். குறையுள்ள செடியே நல்ல மாற்று. குறையை நாம் உழைத்து நிரப்ப வேண்டும். ஆகவே வெயில் விழும் பக்கம் கிளா, நிழலில் தெற்றி.

"அது வளர மூணு வருஷம் ஆகுமே. அதுவரைக்கும் ஆடு கேறினா?" என்றாள் மைனி.

"பத்தி விடணும், மைனி."