பவுசர் இறக்கும் பாரம்

பவுசர் வண்டிகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். பாரம் இறக்கும் விதமோ வேறு வேறு. பெற்றோல், புவியீர்ப்பினால் தானாகவே நிலத்தடித் தாங்கிக்குள் இறங்கும். பாலைப் பம்பி இழுத்தெடுக்கும். சீமெந்துத் தூளையோ அழுத்திய காற்று நீர்போல் இளகச் செய்து, குழாய்வழியே உயர்ந்த கொள்கலத்துக்கு ஏற்றிவிடும்.

2022ஆம் ஆண்டு, எரிபொருளுக்காக நீண்ட வரிசையில் காத்து நின்றபோது, பெற்றோல் இறக்குவதைக் கூர்ந்து நோக்கினேன். எங்கள் பொறுமை எல்லை கடந்திருந்தது. "விரைவாய் இறக்கு!" என்று சிலர் கூவினர். சாரதியோ அவசரப்படவில்லை. குழாயைப் பூட்டுமுன், வண்டியை நிலத்தோடு கம்பியொன்றினால் இணைத்தார். எண்ணெய் பாய்கையில் திரளும் நிலைமின்னின் சிறு பொறி போதும், பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ள. கூவியவர் உயிருக்கும் அக்கம்பியே காவல். அவர் எங்களைக் காக்கவைத்த அந்தச் சில நிமிடங்களை இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன்.