அப்பாவும் அந்த நாலு இன்ஜின் விமானமும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, நேரம் இருக்கும்போது படியுங்கள்.

1994-இல் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் போன மாதம் ஒன்றுகூடினார்கள். என்னையும் கூப்பிட்டு, நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அதில் ஒருவன் கேட்டான்: "டீச்சர், மத்தவங்க எல்லாம் போர்டுல எழுதிக்கிட்டே பாடம் நடத்துவாங்க. நீங்க மட்டும் எழுதும்போது வாயே திறக்க மாட்டீங்க. எழுதி முடிச்சு எங்க பக்கம் திரும்பினப்புறம்தான் பேசுவீங்க. ஏன் டீச்சர்?"

இத்தனை வருஷம் கழித்தும் அதை ஞாபகம் வைத்திருக்கிறானே என்று ஆச்சரியமாக இருந்தது. "அது ஒரு பழக்கம்பா" என்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு ஒரு பழைய போர் விமானத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் சொந்தங்களுக்குத் தெரியும், அப்பா பெங்களூரில் விமான ஃபேக்டரியில் வேலை பார்த்தார். இன்றைக்கு எச்.ஏ.எல். என்கிறோமே, அதுதான். நாங்கள் குடியாத்தம் பக்கம் ஊரில் அம்மாவுடன் இருந்தோம். அப்பா மாதம் ஒருமுறை ரயிலில் வந்து போவார். 1943-இல் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். 1940-இல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, அப்போது அமெரிக்க விமானப்படையின் கையில் இருந்தது. போர் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறையாக அதை மாற்றியிருந்தார்கள்.

அப்பாவின் வேலை ரிவிட் அடிப்பது. இன்னும் சரியாகச் சொன்னால், அடிக்கிறவருக்கு எதிர்ப்பக்கம் இருப்பது. விமானத்தின் மேல்தோல் அலுமினியத் தகடு. அதை உள்சட்டத்தோடு இணைப்பது ரிவிட். வெளியே ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் ரிவிட்டின் தலையில் அடிப்பார். உள்ளே ஒருவர் ஒரு இரும்புக் கட்டியை அதன் வாலில் அழுத்திப் பிடித்திருப்பார். அடி விழ விழ அந்த வால் நசுங்கிப் பரந்து, தகடும் சட்டமும் இறுகும். உள்ளே இருக்கிறவருக்கு நிமிரக்கூட இடம் இருக்காது. அப்பா ஒல்லியான உடம்பு. அதனால் அவரைத்தான் உள்ளே அனுப்புவார்கள். தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளியே ஒருவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்வாராம். அவ்வளவுதான் அன்றைய பாதுகாப்பு.

நான் பிறந்தது 1958-இல். எனக்கு விவரம் தெரிந்தபோதே அப்பாவுக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. தான் பேசுவது தனக்கே கேட்காததால் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். தெருவில் நடந்து வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

ஊருக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "செத்துப் போன பிளேனை எல்லாம் நாங்க பொழைக்க வெச்சோம். வேலைக்கு ஆவாதுன்னு வெள்ளைக்காரன் ஒடச்சுப் போட்டது. லிபரேட்டர், நாலு இன்ஜின். எல்லாத்தையும் பறக்க வெச்சோம்." தெருக்காரர்கள் தலையாட்டுவார்கள். அவர் எழுந்து போனதும் சிரிப்பார்கள். நானும் அது அப்பாவின் அளப்பு என்றே நினைத்தேன்.

1971-இல் எட்டாம் வகுப்பு படித்தேன். பள்ளி ஆண்டு விழாவில் கட்டுரைப் போட்டிக்கு எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு. அப்பா லீவு போட்டு, பெங்களூரிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். நான் மேடை ஏறியபோது, கூட்டத்தின் நடுவிலிருந்து "பாப்பா!" என்று ஒரு கத்தல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விழா முடிந்ததும் ஒரு வாத்தியார் அவரிடம் ஏதோ கேட்க, அவர் வேறு ஏதோ உரக்கப் பதில் சொல்ல, சுற்றி நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த தோழி, "யாருடி அது?" என்று கேட்டாள்.

"எங்க ஊர்க்காரரு" என்றேன்.

அப்பா பத்தடி தூரத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். காது கேட்காதவர்தானே என்ற தைரியம் எனக்கு.

ஆறு வருஷம் கழித்து ஆசிரியர் பயிற்சி முடிக்கும் சமயம். மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும் என்பதற்காக, வீட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: "பாப்பா, கதவப் பார்த்துப் பேசுனா எனக்கு எப்பிடித் தெரியும்? என்னைப் பார்த்துச் சொல்லு. உன் வாயைப் பார்த்தா எனக்கு எல்லாம் புரிஞ்சிடும்."

பட்டறைச் சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகிவிடுவார்கள். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டேன். ஆண்டு விழா அன்று என் உதட்டைப் பார்த்தாரா, இல்லையா? கேட்க வாய் வரவில்லை. 1996-இல் அவர் போகும் வரைக்கும் கேட்கவில்லை.

ஆகவே, அந்தப் பிள்ளைக்குப் பதில் இதுதான். என் வகுப்பில் சரியாகக் காது கேட்காத பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும் என்று நினைத்தே நான் பாடம் நடத்தினேன். சில வருஷங்களில் உண்மையிலேயே இருந்தார்கள்.

இனி விமானத்துக்கு வருகிறேன்.

2019-இல் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது பேரனுக்கு ஒன்பது வயது. விமானப் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஹெண்டனில் இருக்கும் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு கூடமும் நம் ரயில்வே பட்டறை மாதிரி அவ்வளவு பெரியது. போர் விமானங்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குக் கால் வலி. எங்கேயாவது பெஞ்சு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போது பேரன் ஒரு பலகையைப் படித்துவிட்டு, "பாட்டி, இது இந்தியாவிலிருந்து வந்ததாம்" என்றான்.

பலகையில் இருந்த பெயர், லிபரேட்டர்.

இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 110 அடி. நாலு இன்ஜின், இரட்டை வால். உடம்பு முழுக்க வரிசை வரிசையாக ரிவிட் புள்ளிகள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அங்கே ஒரு வயதான வெள்ளைக்காரர் கழுத்தில் கேமராவும் கையில் நோட்டுமாக நின்றிருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரராம். பழைய போர் விமானங்களைத் தேடித் தேடிப் பார்ப்பதே அவருக்கு வேலை. ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும், எங்கே பறந்தது, யார் கையில் இருந்தது என்பதையும் நோட்டில் குறித்துவைத்திருக்கிறார். நான் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு அவராகப் பேச்சுக் கொடுத்தார். என் ஆங்கிலம் திணறிய இடத்தில் மாப்பிள்ளை கைகொடுத்தார்.

அவர் சொன்ன கதை இது. போரின்போது அமெரிக்கா 18,000-க்கும் அதிகமான லிபரேட்டர்களைச் செய்தது. ஃபோர்டு கம்பெனியின் வில்லோ ரன் தொழிற்சாலையில், வேலை உச்சத்தில் இருந்தபோது மணிக்கு ஒன்று வெளியே வந்ததாம். அதில் பலவற்றைப் பிரிட்டனுக்கு இரவல் ஏற்பாட்டில் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அவற்றைத் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிட வேண்டும். இந்தியாவில் இருந்த லிபரேட்டர்களைக் கான்பூர் சகேரி விமானத் தளத்தில் குவித்தார்கள். யாரும் மறுபடி பறக்கவிடக் கூடாது என்று வண்டிகளை மோதவிட்டு நசுக்கினார்கள். கருவிகளை உடைத்தார்கள். இன்ஜின்களுக்குள் மணலைக் கொட்டினார்கள்.

சுதந்திரம் வந்தபோது நம் விமானப்படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டில் வாங்கப் பணமும் இல்லை. அப்போதுதான் பெங்களூர் ஃபேக்டரி ஆட்கள் கான்பூருக்குப் போய் அந்தக் குப்பைமேட்டைப் பார்த்தார்கள். ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றில் பொருத்தி, பெங்களூர் வரை வந்து சேர்ந்தால் போதும் என்ற அளவுக்குச் சரிசெய்தார்கள். அப்படி ஒட்டுப்போட்ட விமானங்களை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குப் பறந்து கொண்டுவந்தவர் ஜே.கே. முன்ஷி, ஃபேக்டரியின் சோதனை விமானி. பெங்களூரில் அவற்றை முழுசாகப் பிரித்து, மறுபடி கட்டினார்கள். 1948 நவம்பரில் அந்த விமானங்களைக் கொண்டே விமானப்படையின் 5-ஆவது ஸ்குவாட்ரன் உருவானது. மொத்தம் நாற்பதுக்கும் மேல் அப்படி உயிர் பெற்றன. பிறகு 6-ஆவது ஸ்குவாட்ரன் அவற்றைக் கடல் ரோந்துக்கு வைத்திருந்தது. 1968 வரை பறந்தன. உலகத்தில் லிபரேட்டரைக் கடைசிவரை பயன்படுத்திய விமானப்படை நம்முடையதுதான்.

அவர் சொல்லி முடிக்கும்போது என் கண் நிறைந்துவிட்டது. திண்ணையில் அப்பா சொன்ன அதே கதை. வார்த்தைக்கு வார்த்தை உண்மை. எங்கள் தெருவே சிரித்த கதையை, ஏழு கடல் தாண்டி ஒரு தபால்காரர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

அமெரிக்காவில் போர் முடிந்ததும் லிபரேட்டர்களைக் கூட்டம் கூட்டமாக உருக்கிவிட்டார்கள். பிற்பாடு அருங்காட்சியகங்களும் ஆர்வலர்களும் தேடியபோது நல்ல நிலையில் கிடைத்தவை பெரும்பாலும் நம்மிடம் இருந்தவைதான். ஒன்று 1968-இல் கனடாவுக்குப் போனது. ஒன்று 1969-இல் அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போனது. இந்த லண்டன் விமானம் 1974-இல் வந்தது. இன்னொன்றை அமெரிக்க ஆர்வலர்கள் பல வருஷம் பாடுபட்டு மறுபடி பறக்கவே வைத்தார்கள்.

இது குண்டு போடப் பிறந்த விமானம் என்பதும் எனக்கு மறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், இதைப் போய் ரசிப்பதா என்று மனதுக்குள் ஒரு கேள்வி. அவரிடமே கேட்டேன். குண்டை ரசிக்க வரவில்லை, இதைச் செய்த கைகளையும் இதில் பறந்து திரும்பாமல் போனவர்களையும் நினைத்துக்கொள்ள வருகிறேன் என்று சொன்னார்.

"என் அப்பா பெங்களூரில் இதில் வேலை செய்தவர்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். என்ன வேலை என்று கேட்டார். உள்ளே உட்கார்ந்து இரும்புக் கட்டி பிடிக்கும் வேலை என்று கையால் செய்து காட்டினேன். அதை நோட்டில் எழுதிக்கொண்டார். விமானத்தின் எண், விமானிகள், தளங்கள் எல்லாம் தன்னிடம் இருக்கிறது, ரிவிட் அடித்த ஒருவரைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை என்றார்.

அந்த விமானத்தையே அப்பா தொட்டார் என்று நான் சொல்ல முடியாது. நாற்பதில் அது ஒன்று. ஒரு லிபரேட்டரில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ரிவிட்டுகள். எது அமெரிக்காவில் அடித்தது, எது பெங்களூரில் அடித்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. கயிறு கட்டியிருந்தார்கள். பேரன் போட்டோ எடுத்தான். கீழே இருக்கும் படம் அதுதான்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அப்பாவின் கருமாதி முடிந்த அன்று ராத்திரி அம்மா தானாகவே சொன்னார்: "அன்னிக்கு உன் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து சொன்னாரு, பாப்பா என்னை ஊர்க்காரருன்னு சொல்லிச்சு, பரவால்ல, புள்ள கூச்சப்படுது, இனிமே நான் அங்க போவலன்னு."

அதற்குப் பிறகு அவர் என் பள்ளிக்கு வந்ததே இல்லை. வேலையில் லீவு கிடைக்கவில்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

பிள்ளைகளே, டில்லியில் இருப்பவர்கள் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனால் அங்கேயும் ஒரு லிபரேட்டர் நிற்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ரிவிட் வரிசையைக் கிட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லுங்கள்.

வீட்டில் காது மந்தமான பெரியவர்கள் இருந்தால் எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். சொன்ன கதையையே திரும்பச் சொன்னாலும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தக் காலத்தில் பெங்களூர் விமான ஃபேக்டரியில் வேலை செய்திருந்தால், கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்